கொட்டை ஒவ்வாமை: மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். முந்திரி சாப்பிட்டதும் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது, அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டேன், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது, இனிப் பயமில்லையே என்று கேட்டிருந்தார். பதில் நாலே வரி. முந்திரியைத் தவிருங்கள், மாத்திரையைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அந்த வாசகர் நிம்மதியாக இருந்துவிட்டால் அடுத்த முறை அவர் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதவில்லை என்றால் தாராளமாகச் சுருக்குங்கள், அட்ரினலின் ஊசியைப் பற்றிச் சொல்லியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

என் மகளுக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோதே தெரிந்துவிட்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அன்றிலிருந்து இன்றுவரை நான் அதிகம் கேட்டது "அலர்ஜிதானே, கொஞ்ச நேரம் அரிக்கும், அப்புறம் சரியாகிவிடும்" என்கிற ஆறுதலைத்தான். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். தூசியில் தும்முவதையும் கொசு கடித்துத் தடிப்பதையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அலர்ஜி என்றால் தோலோடு நிற்கிற ஒரு தொந்தரவு, அவ்வளவே. கொட்டை ஒவ்வாமை அப்படித் தோலோடு நிற்பதில்லை. கயிற்றைப் பாம்பென்று நினைத்து ஊரையே கூட்டுகிற மாதிரி, கொட்டையில் இருக்கும் சாதாரணப் புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி விஷமென்று எண்ணிவிடுகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை அதற்கென்றே தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே போனதும் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள் ஹிஸ்டமினையும் இன்னும் பல ரசாயனங்களையும் ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கின்றன. தோல் தடிக்கிறது, குடல் முறுக்குகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது, ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. இது மூச்சையோ ரத்த ஓட்டத்தையோ பாதிக்கும் அளவுக்குப் போனால் அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். தோலில் தெரிவது இதில் ஒரு பகுதி மட்டும்தான்.

போன முறை லேசாகத்தானே வந்தது, இந்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது மிக ஆபத்தான கணக்கு. அனாஃபிலாக்சிஸ் என்ற பெயரே இந்தக் கணக்கு பொய்த்துப் போனதைப் பார்த்துத்தான் வந்தது. 1902இல் பிரான்ஸில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இருவர் கடல் சாமந்தியிலிருந்து எடுத்த நஞ்சை நாய்களுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவு கொடுத்ததும் நிமிடங்களில் மூச்சிரைத்து விழுந்து செத்துப்போனது. பழகப் பழகத் தாங்கும் என்று எதிர்பார்த்தது தலைகீழாக நடந்தது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த ஆராய்ச்சிக்குத்தான். முந்தைய தடவை எப்படி வந்தது என்பதை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியாது என்று ஒவ்வாமை மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சாப்பிட்ட அளவு, அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, ஓடியாடி விளையாடினாரா, வலி மாத்திரை போட்டிருந்தாரா, மது குடித்திருந்தாரா, சரியாகத் தூங்கினாரா, இதெல்லாம் சேர்ந்து ஒரே ஆளுக்கே ஒரு நாள் அரிப்போடு விடும், இன்னொரு நாள் ஆளையே சாய்க்கும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அறிகுறிகளுக்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்தவை: உதடும் கண் இமையும் வீங்குவது, வாய் அரிப்பது, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்புவது. இவை மட்டும் இருந்து, ஆள் நன்றாகப் பேசிக்கொண்டு, மூச்சு சீராக இருந்தால் மாத்திரை கொடுத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் கவனிக்கலாம். மூச்சிலோ, தொண்டையிலோ, ரத்த ஓட்டத்திலோ மாற்றம் தெரிந்த நிமிடமே விஷயம் வேறாகிவிடுகிறது. குரல் கம்முவது, விடாமல் தொண்டையைச் செருமுவது, வறட்டு இருமல் திரும்பத் திரும்ப வருவது, விழுங்கக் கஷ்டப்படுவது, இளைப்பு, மூச்சில் விசில் சத்தம், முகம் வெளுப்பது, தலைசுற்றல், துவண்டு போவது இவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரம். தடிப்போடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாந்தியோ கடுமையான வயிற்றுவலியோ வந்தாலும் அப்படித்தான். சில பெரியவர்கள் "எனக்கு என்னவோ ஆகப்போகிறது" என்று காரணம் சொல்லத் தெரியாமல் பதறுவார்கள். அதை வெறும் பயம் என்று ஒதுக்காதீர்கள், மருத்துவப் புத்தகங்களிலேயே அது ஓர் அறிகுறியாக இருக்கிறது.

இதில் மிக முக்கியமானது ஒன்று. அனாஃபிலாக்சிஸ் வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர், இருவருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, நேராக மூச்சிலோ மயக்கத்திலோ போய் நிற்கும். என் மகளுக்கு ஒரு பிறந்தநாள் விழாவில் அப்படித்தான் வந்தது. கேக்கில் கொட்டை இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கொடுத்தோம், மாவில் அரைத்துச் சேர்த்திருந்தது வாங்கி வந்தவருக்கே தெரிந்திருக்கவில்லை. இரண்டு வாய் தின்றதும் தட்டைக் கீழே வைத்தாள். "அம்மா, நாக்குல முடி ஒட்டியிருக்கு" என்றாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கன்னம், கழுத்து, முதுகு எல்லாம் பார்த்தேன், ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஆனால் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் நிறுத்தவே இல்லை. "தண்ணி வேணும்" என்று கேட்ட குரல் அவள் குரலாகவே இல்லை, சளி பிடித்தவள் மாதிரி அடைத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கேக் துண்டு தொண்டையில் சிக்கியிருக்கும் என்று முதுகைத் தட்டப் போனார்கள். நான் பையைத் திறந்து ஊசியை எடுத்து, அவள் போட்டிருந்த பேன்ட்டுக்கு மேலேயே தொடையில் அழுத்திவிட்டேன். தடிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே விரும்பவில்லை.

குழந்தைகள் "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று நமக்கு வசதியான வார்த்தையில் சொல்லமாட்டார்கள். நாக்கு சுடுகிறது, வாய்க்குள் எறும்பு ஓடுகிறது, தொண்டையில் ஏதோ நிற்கிறது, காது உள்ளே அரிக்கிறது என்பார்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் நாக்கைச் சுரண்டுவார்கள். பேச்சு வராத குழந்தை காதை இழுக்கும், நிறுத்தாமல் அழும், திரும்பத் திரும்பக் கக்கும், இல்லையென்றால் விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று துவண்டு தூங்கி வழியும். புது உணவு கொடுத்த கொஞ்ச நேரத்தில் இப்படி ஆனால் தூக்கம் வந்துவிட்டது என்று தொட்டிலில் போடாதீர்கள். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும், அநேகமாக இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

இனி ஊசி. அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். எபிநெஃப்ரின் என்பதும் அதேதான். விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை மேலே கொண்டுவரும், இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்கும், தொண்டை வீக்கத்தைக் குறைக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் மேலும் கொட்டுவதையும் தணிக்கும். இந்த நாலையும் செய்ய வேறு மருந்து கிடையாது. அலர்ஜி மாத்திரை என்று நாம் சொல்லும் ஆன்டிஹிஸ்டமின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதற்கே அரை மணி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மூச்சுக்குழாயைத் திறக்கவோ ரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அதனால் முடியாது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் அனாஃபிலாக்சிஸில் இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார். உணவு ஒவ்வாமையால் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு மூச்சோ இதயமோ நின்றது முப்பது நிமிடத்துக்குள். மாத்திரை கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிற நேரம் அது. உங்கள் நாலு வரிப் பதிலில் விட்டுப்போனது இதுதான்.

போட வேண்டிய இடம் தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், தசைக்குள். துணியைக் கழற்ற வேண்டியதில்லை. பேனா மாதிரி வரும் ஊசியென்றால் மூடியைக் கழற்றி, ஊசி வரும் முனையைத் தொடையில் அழுத்தி, அதன் மேல் எழுதியிருக்கும் விநாடி வரை பிடித்திருக்க வேண்டும். முனையில் கட்டைவிரலை வைத்துவிடக் கூடாது, பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்து விரலில் குத்திக்கொள்கிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு 0.15 மில்லிகிராம், வளர்ந்தவர்களுக்கு 0.3 மில்லிகிராம் என்ற அளவுகளில் பரவலாகக் கிடைக்கிறது, யாருக்கு எது என்பதை எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். பேனா கிடைக்காத இடங்களில் அட்ரினலின் ஆம்பூலையும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சையும் கொடுத்து, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று குறித்துக் கற்றுக்கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும், அதனால் கேளுங்கள். ஊசி போட்ட கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், "அனாஃபிலாக்சிஸ்" என்ற வார்த்தையைச் சொல்லியே கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி, இன்னொரு தொடையில். இதற்காகத்தான் எப்போதும் இரண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். கையில் ஊசியே இல்லை என்றால் வீட்டு வைத்தியம் எதையும் தேடாமல், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுதான் வழி, அது வராத இடமென்றால் ஊசி இருக்கும் மிகப் பக்கத்து மருத்துவமனைக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

அட்ரினலின் என்றாலே இதயம் நின்றுவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது, படித்தவர்களிடமும் இருக்கிறது. தொடைத் தசையில் சரியான அளவு போட்டால் கை நடுங்கும், படபடக்கும், முகம் வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தேவைப்படாமல் ஒரு தடவை போட்டுவிட்டதால் வரும் தொல்லையையும் தேவைப்பட்டபோது போடாமல் விட்டதன் விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள் என்றுதான் எங்கள் மருத்துவரும் சொன்னார்.

அடுத்தது ஆளை எப்படி வைத்திருப்பது. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு வாங்குகிறது என்றால் காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கர்ப்பிணியென்றால் இடப்பக்கமாக. எழுந்து நிற்கவோ நடக்கவோ விடவே கூடாது. விரிந்த ரத்தக் குழாயில் ரத்தம் காலில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பிப் போக எதுவும் இல்லாமல் ஆகிவிடும். அப்படித் திடீரென்று நிமிர்த்தியதும் உயிர் போன சம்பவங்களைப் பம்ஃப்ரியே 2003இல் எழுதியிருக்கிறார். அன்றைக்கு விழாவில் ஒருவர் என் மகளைக் கையைப் பிடித்து எழுப்பி முகம் கழுவ அழைத்துப் போகப் பார்த்தார், நான் போட்ட சத்தத்தில் அவருக்குக் கோபம்கூட வந்தது. பரவாயில்லை. ஆம்புலன்ஸ் வந்தாலும் ஸ்ட்ரெச்சர்தான், நடத்திக் கூட்டிப் போவதில்லை.

மருத்துவமனையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஊசிக்குப் பிறகு குரல் திரும்பிவிட்டது, குழந்தை சிரித்துப் பேசுகிறாள், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். முதல் அலை ஓய்ந்து சில மணி நேரம் கழித்து, மறுபடி எதுவும் சாப்பிடாமலேயே, இரண்டாவது அலை வரும் வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சட்டென்று தேறியவர்களையே ஒரு மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும், கடுமையாக வந்தவர்களையும் இரண்டு ஊசி தேவைப்பட்டவர்களையும் அதைவிட நிறைய நேரம். கிளம்பும்போது கையில் புது ஊசிக்கான சீட்டும், ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுவதற்கான கடிதமும் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

தவிர்ப்பது பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அதனால் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சிலவற்றை மட்டும். நிலக்கடலை தாவரவியல்படி பயறு, பாதாம் முந்திரி மாதிரி மரக்கொட்டை கிடையாது. ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஆகலாம், இரண்டும் ஆகாதவர்களும் நிறைய, பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் பெரும்பாலும் ஆகாது. வால்நட்டும் பீக்கனும் அதே போல ஜோடி. வறுத்தால் போய்விடும் என்பது தவறு. நிலக்கடலைப் புரதம் சூட்டைத் தாங்கும், வறுத்தால் ஒவ்வாமைத் தன்மை கூடவும் செய்யும். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கில் ஆட்டியதில் இருக்கும். கொட்டையை மேலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது, அதே கத்தி, அதே கரண்டி, அதே எண்ணெய் போதும். கையில் ஒட்டியதைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிரப் புரதத்தை எடுக்காது. இன்னொரு பக்கம், பக்கத்தில் ஒருவர் தின்கிற வாசனையாலேயே மயங்கி விழுந்துவிடுவார்கள் என்ற பயமும் தேவையில்லை, கிட்டத்தட்ட எப்போதும் பிரச்சினை வாய்க்குள் போவதுதான். இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பயத்தில் சில பள்ளிகள் குழந்தையைத் தனி மேசையில் உட்கார வைத்துவிடுகின்றன.

பொட்டலத்தில் "கொட்டைகளின் தடயம் இருக்கலாம்" என்று போடுவது பல நாடுகளில் கம்பெனிகளின் விருப்பம்தான், கட்டாயமில்லை. அதனால் அந்த வரி இல்லை என்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமாகிவிடாது. வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டின் சேர்மானமும் மாறும், ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டும்.

பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. தோலில் குத்திப் பார்ப்பதும் ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பதும் உதவும், ஆனால் பாசிட்டிவ் என்று வந்த எல்லாமே சாப்பிடக் கூடாதவை என்று ஆகிவிடாது. நூறு உணவுக்கு மொத்தமாக ரத்தப் பரிசோதனை எடுத்து, வந்த பட்டியலை அப்படியே குழந்தையின் தட்டிலிருந்து நீக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம் அந்தக் குழந்தைகள். சாப்பிட்டதும் என்ன நடந்தது என்ற விவரம்தான் மருத்துவருக்கு முதல் துப்பு. தேவைப்பட்டால் மருத்துவமனையில் வைத்து, கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். வீட்டில் அதைச் செய்து பார்க்கக் கூடாது.

இளம் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு மூத்தவர்கள் சொன்னது, குழந்தைக்கு மூன்று வயது வரை கடலையே காட்டாதே என்பது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2000இல், ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு அப்படித்தான் சொன்னது, 2008இல் அதைக் கைவிட்டது. 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினரின் லீப் ஆய்வு முடிவு வந்தது. கடுமையான எக்ஸிமாவோ (தோல் வறண்டு அரிக்கும் நோய்) முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை, நாலு மாதத்துக்கும் பதினோரு மாதத்துக்கும் இடைப்பட்ட வயதில் சேர்த்துக்கொண்டு, ஒரு பாதிக்கு நிலக்கடலை உணவை வாரந்தோறும் கொடுத்தார்கள், மறு பாதிக்கு அறவே கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். எனவே திட உணவு தொடங்கியதும் நிலக்கடலையைக் கூழாகக் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், முழுக் கடலை ஒருபோதும் கூடாது, தொண்டையில் சிக்கும். கடுமையான எக்ஸிமா இருக்கும் குழந்தையென்றால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கு இது பொருந்தாது, "பழக்கினால் சரியாகும்" என்று சொந்தக்காரர் யாராவது ஊட்டிவிட்டால் உயிர்தான் போகும். மருத்துவர் மேற்பார்வையில் மில்லிகிராம் கணக்கில் ஏற்றிச் செல்லும் சிகிச்சை இருக்கிறது, அது வேறு.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்தக் கேள்வி பதிலுக்குத் தொடர்ச்சியாக, ஊசி முதலில், படுக்க வைப்பது, ஆம்புலன்ஸ், ஐந்து நிமிடத்தில் இரண்டாவது ஊசி என்ற வரிசையை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், வெட்டி எடுத்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டும்படி கொஞ்சம் பெரிய எழுத்தில். அப்புறம் உங்கள் சமையல் பகுதியில் வரும் ஒவ்வொரு குறிப்பின் தலைப்புக்குக் கீழேயும் நிலக்கடலையோ மரக்கொட்டையோ சேர்கிறதா என்று ஒரு வரி. இப்போது செய்முறையின் கடைசியில் "மேலே பாதாம் தூவி இறக்கவும்" என்று வருவது, பாதிவரை படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

இப்படிக்கு,
ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் தாய்